சிஞ்ஞோராவுக்கு ஒரு நன்றி நவிலல்

முப்பத்தொரு வயதில் ஓய்வு பெறுகிறேன். சிரிக்க வேண்டாம். இத்தாலியில், பலேர்மோ நகரின் கால்சாப் பகுதியில், தேவாலயத்தின் பின்பக்க அறையில், ஒரே மேசைக்குப் பின்னால் எட்டு வருடம் இருந்து ஊராருடைய வதிவிடப் படிவங்களை நிரப்பியவளுக்கு அந்தச் சொல் பொருந்தும். அடுத்த கிழமை நாப்போலிக் கப்பலில் ஏறி, அங்கிருந்து பொலோஞ்ஞாவுக்குப் போகிறேன். அங்கே இதே வேலைக்குச் சம்பளமும் தருகிறார்களாம். போய்ப் பார்த்தால்தான் நம்புவேன்.

இனி இந்த மேசையில் இருக்கப்போகிற உங்கள் மூன்று பேருக்கும் நீலக் கோப்பில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். எந்தப் படிவம் எங்கே கிடைக்கும், எந்த முத்திரை எங்கே ஒட்ட வேண்டும், பிரிண்டரின் எந்தப் பக்கத்தில் தட்டினால் அதற்கு மூச்சு வரும், எல்லாம் இருக்கிறது. நான் விட்ட பிழைகள் மட்டும் அதில் இல்லை. அவற்றில் மிகப் பெரியதை இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ‘ஸ்பொன்சர்’. எங்கள் ஆட்களுக்கு இது கனடாவிலிருந்து வந்த சொல். ஸ்பொன்சர் என்றால் டிக்கெட் போட்டு, வீடு பார்த்து, குளிருக்கு ஜாக்கெட்டும் வாங்கிக்கொண்டு விமான நிலையத்தில் வந்து நிற்கிற மாமா. பலேர்மோவில் அந்தச் சொல்லைத் தூக்கி, வேலை கொடுக்கிற சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய வீட்டு அம்மாவின், தலையில் வைத்துவிட்டோம். “என்ர சிஞ்ஞோரா எனக்குக் கார்த்தாவுக்கு ஸ்பொன்சர் பண்ணுறா” என்று முகம் மலரச் சொல்லிக்கொண்டு வருவார்கள். கார்த்தா என்பது நிரந்தர வதிவிட அட்டை.

“வழக்கறிஞருக்கு ஆர் குடுக்கிறது?”

“நான்தான்.”

“கொந்திரிபூத்தி?” வேலை கொடுப்பவர் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய பங்கு அது.

“அதும் நான்தான்.”

“அப்ப சிஞ்ஞோரா என்னத்தைக் குடுக்கிறா?”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்வார்கள்: “கையெழுத்து.”

பேனை ஆருடையது என்று ஒருவரிடம் பகிடியாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மெற்றில்டா அக்காவும் அப்படித்தான் வந்தார். யாழ்ப்பாணத்துக் குருநகர் ஆள், ஐம்பத்துமூன்று வயது. பதினொரு வருடமாக ஒரே வீட்டில் ஒரே சிஞ்ஞோராவைப் பார்த்து வந்தார். பழைய மாளிகையின் இரண்டாம் மாடி. கூரையில் தேவதைகள், சமையலறைச் சுவரில் ஈரம். அக்கா அங்கேயே தங்கல். வேலை ஒப்பந்தத்தில் வாரத்துக்கு இருபது மணித்தியாலம் என்று போட்டிருந்தது. மிச்ச நேரத்தில் அந்த வீட்டில் அவர் என்ன செய்தார் என்று ஒப்பந்தம் சொல்லவில்லை. தேவதைகளை எண்ணிக்கொண்டிருந்தார் போலும்.

சாதாரண பெர்மெஸ்ஸோவை, அதாவது தற்காலிக வதிவிட அனுமதியை, ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் வேலை ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் இருந்த பெயரின் சொந்தக்காரிக்கு எண்பத்தாறு வயதாகப் போகிறது. அதாவது மெற்றில்டா அக்கா இந்த நாட்டில் இருக்கலாமா என்பது ஒரு கிழவியின் இரத்த அழுத்தத்தில் தொங்கியது. கார்த்தா கையில் கிடைத்துவிட்டால் சிஞ்ஞோராவுக்கு என்ன நடந்தாலும் அக்கா அக்காவாகவே இருக்கலாம். ஐந்து வருடம் எப்போதோ தாண்டியாயிற்று, மொழிப் பரீட்சையும் பாஸ். குறையாக இருந்தவை இரண்டு விஷயம்: இருபது மணித்தியாலச் சம்பளம் கார்த்தாவுக்குப் போதாது, தங்குமிடக் கடிதத்தில் வீட்டுக்காரியின் கையெழுத்து வேண்டும்.

இரண்டும் சிஞ்ஞோராவின் கையில். சிஞ்ஞோராவின் கையோ பெறாமகனின் கையில். அவர் சிஞ்ஞோராவின் தங்கச்சி மகன், தொழில் அவ்வொகாத்தோ. வழக்கறிஞர்.

அவர் மணித்தியாலத்தை முப்பதாக உயர்த்திக் கொடுத்தார். அதனால் கூடிய கொந்திரிபூத்தியை அக்காவின் சம்பளத்திலேயே கழித்தார்கள். “உன்ர பென்சனுக்குத்தானே போகுது” என்றாராம். பிறகு கோப்புத் திறந்ததற்கு ஒரு கட்டணம். கோப்பைப் படித்ததற்கு இன்னொன்று. கோப்பைப் பற்றிப் பெரியம்மாவுடன் கதைத்ததற்கும் ஒன்று. அந்தக் கதை ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. சாப்பாடு பரிமாறியது அக்கா. எல்லாம் மாதம் மாதம் கையில் கொடுத்த காசு. பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு, “வீட்டு ஆக்களுக்குள்ள என்ன சீட்டு” என்றாராம். கார்த்தா விண்ணப்பத்துக்கு வழக்கறிஞரே தேவையில்லை, நாங்களே இந்த மேசையில் இலவசமாக நிரப்பித் தபாற்கந்தோரில் கொடுத்துவிடுவோம் என்பதை அந்த வீட்டு ஆள் சொல்ல மறந்துவிட்டார்.

பதினான்கு மாதம் போனது. தங்குமிடக் கடிதத்தில் கையெழுத்து விழவில்லை. சிஞ்ஞோரா கோபமாம்.

“நான் கிராட்ஸியே சொல்லுறேல்லையாம், பிள்ளை” என்றார் அக்கா, இந்த மேசைக்கு முன்னால் இருந்து.

“சொல்லுறனீங்களோ?”

“வீட்டுக்குள்ள ஆரும் நன்றி சொல்லுவினமே? அவ தண்ணி கேட்டாக் குடுக்கிறன். அவ ஒரு பிஸ்கட் தந்தா வாங்கித் தின்னுறன். சிரிக்கிறன்தானே! பதினொரு வருசமாச் சிரிச்சுக்கொண்டுதான் நிக்கிறன்.”

“அவவுக்கு அது விளங்கேல்லைப் போல.”

“உங்கட பாசையில அந்தச் சொல்லே இல்லையோ எண்டு கேக்கிறா. வாற ஞாயிறு அவவுக்குப் பிறந்தநாள். நல்ல இத்தாலியனில ஒரு நன்றிக் கடிதம் எழுதித் தா. அவவின்ர சனமெல்லாம் பாக்கும். நீ கம்பஸ் படிச்சனியெல்லே?”

அந்தக் கடைசி வசனம்தான் என்னைக் கெடுத்தது. இத்தாலிய மொழியில் கொஞ்ஜுந்தீவோ என்று ஒரு வினை வடிவம் உண்டு. இத்தாலியர்களே அதில் தடுக்கி விழுவார்கள். நான் விழமாட்டேன் என்று காட்ட ஒரு சந்தர்ப்பம் வருமா என்று வருடக்கணக்காகக் காத்திருந்தேன்.

ஆனால் நன்றிக் கடிதம் எப்படி எழுதுவது? எங்கள் இருவருக்கும் தெரிந்தது ஒரே ஒரு வடிவம். செத்தவீட்டுக்குப் பிறகு, முப்பத்தோராம் நாள், பேப்பரில் போடுகிற நன்றி நவிலல். துயரச் செய்தி கேட்டு ஓடோடி வந்தவர்களுக்கும், தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்களுக்கும், மலர்வளையம் வைத்தவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், தேநீர் ஊற்றியவர்களுக்கும் என்று போகும். அதற்கு ஒரே சட்டம்தான்: ஒருவரையும் விடக்கூடாது. ஒரு பெயர் விடுபட்டால் மூன்று வருடம் முகம் பார்க்க மாட்டார்கள்.

“சரி அக்கா, ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ. எதுக்கெல்லாம் நன்றி?”

அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றும் விடாமல் சொன்னார். நானும் ஒன்றும் விடாமல் எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

‘பகலும் இரவும் தங்கள் இல்லத்தில் இருக்கும் என் வேலை நேரத்தை ஒப்பந்தத்தில் இருபதிலிருந்து முப்பது மணித்தியாலமாக உயர்த்திய பெருந்தன்மைக்கும், அதற்கான கொந்திரிபூத்தியை என் சம்பளத்திலிருந்தே கட்ட அனுமதித்தமைக்கும், மதிப்புக்குரிய அவ்வொகாத்தோ அவர்கள் தமது கட்டணத்தை ஒரேயடியாகக் கேளாமல் பதினான்கு மாதங்களாக என் கையிலிருந்து சிறுகச் சிறுகப் பெற்றுக்கொண்டமைக்கும், என்னையும் குடும்பத்தில் ஒருத்தியாக எண்ணி எனக்குப் பற்றுச்சீட்டு எதுவும் எழுதாமைக்கும், என் இதயம் கனிந்த நன்றிகள்.’

சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது இதில் ஒரு குத்தலும் எங்கள் கண்ணில் படவில்லை. அக்கா உண்மையாகவே நன்றி சொன்னார். நான் உண்மையாகவே கொஞ்ஜுந்தீவோவை ரசித்துக்கொண்டிருந்தேன். வாசித்துக் காட்டினேன். “ஐயோ, என்ன வடிவு!” என்றார் அக்கா. அசலை நல்ல தாளில் அடித்து அவர் கையெழுத்து வாங்கினேன். ஒரு பிரதியைக் கோப்பில் போட்டேன். அன்று நான் செய்த ஒரே புத்தியான வேலை அந்தப் பிரதி.

பிறந்தநாள் விருந்து கடலோர ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவில். போதும் என்று கும்பிடும்வரை கடலில் உள்ளதெல்லாம் தட்டுத் தட்டாக வந்துகொண்டிருக்கிற உணவகம் ஒன்றில். அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார்கள், சிஞ்ஞோராவுக்குக் கணவாய் வெட்டிக் கொடுக்க. கேக் வெட்டியதும் சிஞ்ஞோரா எழுந்து நின்றார். மூக்குக் கண்ணாடியைப் போட்டார். கடிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை உரத்து வாசித்தார்.

இருபது பேர் கைதட்டினார்கள். அதில் பல் வைத்தியர் இருந்தார், பாடசாலை அதிபர் இருந்தார், வங்கியில் பெரிய ஆள் ஒருவரும் இருந்தார். பல் வைத்தியர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அதிபர் அம்மா அக்காவின் தோளைத் தட்டி, “இந்தக் கொஞ்ஜுந்தீவோவை எங்கை படிச்சனீ?” என்று கேட்டாராம். கடிதம் சொன்ன விஷயத்தில் அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. அந்த மேசையில் ஒரே ஒருவருடைய இறால் மட்டும் தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. சட்டம் படித்தவருடையது.

சிஞ்ஞோரா உருகிப்போய், வெயிட்டரின் பேனையை வாங்கி, அக்கா எப்போதும் பையில் கொண்டு திரிந்த தங்குமிடக் கடிதத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டுப் பெறாமகனிடம் நீட்டினார். நன்றி நவிலலைத் தன் கைப்பைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை இந்த மேசையில் போன் அடித்தது. பெறாமகன் இத்தாலிய மொழியில் கத்தியதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன், அப்போதுதான் சூடு தெரியும்.

“நீர்தானோ உந்தக் கடிதத்தை எழுதினது? உது நன்றியில்லை, மிரட்டல். என்னை என்ர குடும்பத்துக்கு முன்னால வைச்சு மிரட்டியிருக்கிறீர். நல்லாக் கேளும். அந்தக் கடிதத்தில இருக்கிறதெல்லாம் பொய் எண்டு அவ எழுதிக் கையெழுத்து வைச்சுத் தரோணும். தராட்டி அந்தத் தங்குமிடக் காகிதம் என்ர மேசை லாச்சியை விட்டு வெளியில வராது. பெரியம்மாவுக்கு வேலைக்கு வேற ஆள் கிடைக்கும்.”

அக்காவின் பெர்மெஸ்ஸோ முடிய ஏழு வாரம்தான் இருந்தது.

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதைக் கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் உங்கள் மூவருக்கும் இதே வியாதி இருக்கிறது, நேர்முகத்தில் பார்த்தேன். போனை வைத்த கையோடு மடிக்கணினியைத் திறந்து ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதத் தொடங்கினேன். முந்தியதைவிட நீளம். முந்தியதைவிடக் கொஞ்ஜுந்தீவோ. அரை மணித்தியாலத்தில் முடித்தும்விட்டேன்.

அப்போது எங்கள் அவ்வொகாத்தா உள்ளே வந்தார். எங்கள் மேசைக்குக் காசு வாங்காமல் உதவுகிற வழக்கறிஞர், என்னைவிட ஒரு வயது இளையவர், ஸ்கூட்டர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஆட்களைத் திட்டுகிற பழக்கம் உள்ளவர். கோப்பிலிருந்த பிரதியை எடுத்து நின்றபடி வாசித்தார். பிறகு இருந்து வாசித்தார்.

“வேலைத் தகராறு வழக்குக்கு இதைவிட நல்ல முறைப்பாட்டை நான் காணேல்லை. மணித்தியாலம், கழிவு, கையில குடுத்த காசு, எல்லாம் வரிசையாக் கிடக்கு. ஆனா ஏன் முன்கூட்டியே மிரட்டினனீங்கள்?”

“மிரட்டேல்லை. நன்றி சொன்னனாங்கள்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பகிடி விடவில்லை என்று தெரிந்ததும் கண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்ததும் என் கணினித் திரையைக் காட்டி, “உது என்ன?” என்றார்.

“மன்னிப்புக் கடிதம்.”

“அவவிட்டைக் கேட்டனீயோ?”

கேட்கவில்லை. யாருடைய வேலையும் வதிவிடமும் ஆபத்தில் இருந்ததோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் பெயரில் மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தேன்.

“இப்ப அந்தாளிட்டை ஒண்டும் இல்லை” என்றார் அவ்வொகாத்தா. “நீ உதை அனுப்பினா, அவ பொய் சொன்னவ எண்டு அவவின்ர கையெழுத்தோட ஒரு காகிதம் அவரிட்டை இருக்கும். சாகும்வரைக்கும் இருக்கும்.”

அக்காவைக் கூப்பிட்டோம். சந்தைப் பையோடு வந்தார். பையிலிருந்து கத்தரிக்காய் எட்டிப் பார்த்தது. எல்லாவற்றையும் சொன்னேன்: பெறாமகன் கேட்பது என்ன, கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன. அக்கா அவ்வொகாத்தாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “வேலை போனா?”

“போனா வழக்குப் போடுவன். வருசக்கணக்கில இழுபடும். வெல்லுவம் எண்டு வாக்குத் தரமாட்டன்.”

அக்கா பையைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் இந்த வேலையில் நான் கற்ற மிகக் கடினமான பாடம்.

“ஒருதரும் நன்றி நவிலலைத் திருப்பி எடுத்ததை நீ கேள்விப்பட்டிருக்கிறியே, பிள்ளை?” என்றார் கடைசியில். “செத்தவர் எழும்பி வந்தாலொழிய? நான் மாட்டன். வா, போய்க் கதைப்பம்.”

அவ்வொகாத்தா கூட வரவில்லை. “நான் வந்தா அது சண்டை. நீங்கள் போனா அது சந்திப்பு. நான் கீழை கோப்பி குடிச்சுக்கொண்டு நிக்கிறன்.”

பெறாமகனின் அலுவலகம் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. மறுப்புக் கடிதத்தை அவரே தயாரித்து மேசையில் வைத்திருந்தார். அக்கா அதைத் தொடவில்லை. என் கையிலிருந்த நன்றி நவிலலின் பிரதியை வாங்கி அவர் முன்னால் விரித்தார். பிறகு தன் கைப்பைக்குள் துழாவி ஒரு பேனையை எடுத்து அதன்மேல் வைத்தார்.

“இதில பொய் எதெண்டு அவரையே வெட்டச் சொல்லு, பிள்ளை. வெட்டின இடத்தில பக்கத்தில ஒரு கையெழுத்து வைக்கட்டும். அதுக்கு நன்றி இல்லை எண்டு நான் எழுதித் தாறன்.”

மொழிபெயர்த்தேன். இந்தத் தடவை ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அவர் பேனையை எடுத்தார். மணித்தியாலம் பற்றிய வரிக்கு மேல் கொண்டுபோனார். அதை வெட்டினால் தானே பதிந்த முப்பது பொய்யாகும். பேனை கொந்திரிபூத்திக்கு இறங்கியது. அதை வெட்டினால் சம்பளத்தில் கழித்தது என்ன என்று சொல்ல வேண்டும். பற்றுச்சீட்டு வரியில் பேனை நீண்ட நேரம் நின்றது. அதை வெட்டுவதென்றால் பற்றுச்சீட்டைக் காட்ட வேண்டும். வெளியே ஏதோ கப்பல் ஊதியது. அக்கா வழக்கம்போலச் சிரித்தபடி இருந்தார். அந்தச் சிரிப்பு ஒருவரை எவ்வளவு பயமுறுத்தும் என்று அன்றுதான் கண்டேன்.

“அசல் எங்கை?” என்றார் அவர்.

“சிஞ்ஞோராவிட்டை.”

உடனே பெரியம்மாவுக்குப் போன் எடுத்தார். கோப்புக்கு அந்தக் கடிதம் வேண்டும் என்றார். கிழவிக்குக் காது மந்தம், அதனால் பேசுவது அறை முழுக்கக் கேட்கும்.

“எந்தக் கடிதம்? மெற்றில்டாவின்ர கடிதமோ? அதைக் கண்ணாடிச் சட்டம் போடக் குடுத்திட்டன். சாப்பாட்டு அறையில, என்ர கலியாணப் படத்துக்குப் பக்கத்தில மாட்டப்போறன். எனக்கு இப்பிடி ஒருதரும் எழுதினதில்லை. நீயும் எழுதேல்லை!”

அவர் பேனையை வைத்தார். லாச்சி திறந்தது. தங்குமிடக் காகிதம் மேசைக்கு வந்தது. அன்று பின்னேரமே விண்ணப்பத்தை நாங்களே நிரப்பித் தபாலில் கொடுத்தோம்.

வழக்கறிஞர் கட்டணம் முழுவதும் ஒரு வெள்ளை உறையில் திரும்பி வந்தது, சீட்டு ஏதும் இல்லாமல். கொள்கையுள்ள மனிதர். அடுத்த மாதத்திலிருந்து சம்பளக் கழிவு நின்றது. அதுவரை கழித்த கொந்திரிபூத்தி மட்டும் திரும்பவில்லை. அதற்கும் வழக்குப் போடலாம் என்று எங்கள் அவ்வொகாத்தா துள்ளினார். “முதல்ல அட்டை வரட்டும்” என்றார் அக்கா. அது அவருடைய முடிவு, எங்களுடையது இல்லை. எனக்கு இன்றும் அதில் எரிச்சல்தான். ஆனால் என் எரிச்சலுக்காக மற்றவர்கள் வழக்குப் போட முடியாது. கடிதம் இப்போதும் அந்தச் சுவரில் இருக்கிறது. பெறாமகன் ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் கீழே இருந்துதான் சாப்பிடுகிறார்.

ஆகவே, இந்த மேசையில் உங்களிடம் யாராவது வடிவாக ஒரு கடிதம் கேட்டால், எழுதிய பிறகு அந்த வடிவை மறந்துவிட்டு, பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று மட்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நான் வாசிக்கவில்லை. தப்பியது என் கெட்டித்தனத்தால் அல்ல, ஒரு கிழவியின் பெருமையாலும் அக்காவின் பேனையாலும்.

கார்த்தா வந்த அன்று மெற்றில்டா அக்கா அதைக் கண்ணாடி உறையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தொட்டுப் பார்க்கத் தந்தார். பிறகு, “சிஞ்ஞோரா பாத்துக்கொண்டிருக்கிறா, பிள்ளை. இன்னொரு நன்றிக் கடிதம் எழுதோணும்” என்றார்.

இந்தத் தடவை மிகக் கவனமாகக் கேட்டேன். “எதுக்கெல்லாம் அக்கா?”

“கையெழுத்துக்கு.”

“பிறகு?”

“பிறகு ஒண்டுமில்லை. முற்றுப்புள்ளி போடு.”

ஒரே ஒரு வரி. கொஞ்ஜுந்தீவோ இல்லை. சிஞ்ஞோரா கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாராம்.

“இவ்வளவுதானோ, மெற்றில்டா?”

அக்கா நான் இல்லாமல், தன் சொந்த இத்தாலியனில் பதில் சொன்னார்.

“ஓம் சிஞ்ஞோரா. மிச்சமெல்லாம் நான் கட்டினது.”